ஒன்றின் கீழ் இருபத்துநான்கு

தடைக்காலம் தொடங்கிய ஆறாம் நாள்
தபால்காரர் பெட்டியைக் கொடுத்து
தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய் சுங்கம் வாங்கிக்கொண்டார்.
ஜப்பான் பெட்டி. உள்ளே இத்தாலிக் கார்.
பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டிய நாடாவில்
யாரோ ஓர் அதிகாரியின் கட்டைவிரல் ரேகை.
அவரும் ஒரு நிமிஷம் அந்தச் சின்னக் கதவைக்
கையில் வைத்துப் பார்த்திருப்பார்.

என் தொழில் பாம்பன் தெற்குவாடியில்
விசைப்படகு எஞ்சின்.
ஆறு சிலிண்டர்.
ஹெட்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.
இங்கே மொத்த எஞ்சினும் ஒரு முந்திரிப்பருப்பு.
பிரிஜித்தா புருவம் திருத்தும் இடுக்கி
என்னிடம் இருப்பது அவளுக்குத் தெரியும்.
கேட்கவில்லை. புதிது வாங்கிக்கொண்டாள்.

விளக்கத்தாள் முழுக்க ஜப்பானிய எழுத்து.
அம்புக்குறிக்கு மொழி கிடையாது,
பசைப்புட்டியின் மேல் பெருக்கல் போட்டிருந்தால்
ஒட்டாதே.
பாம்பன் காற்றுக்கு மட்டும்
அந்தத் தாளில் குறி இல்லை.
காலை ஏழுக்கு வண்ணம் தெளித்தால்
ஈரம் இறங்கி, சிவப்பின் மேல்
பாலாடை போல வெள்ளை பூக்கிறது.
பதினொன்றுக்குக் கச்சான் ஏறினால் மணல்.
நடுவே முக்கால் மணி நேரம்.
அதற்குள் ஜன்னலை அடைத்து
மின்விசிறியை நிறுத்தி
மூச்சையும் கொஞ்சம் நிறுத்தி.

எஞ்சினுக்கு வயர்கள் பெட்டியில் வராது.
தங்கூசி நரம்பைக் கறுப்பாக்கி இழுத்தேன்.
முன்விளக்குக் கண்ணாடி ஒன்று
வழியில் எங்கோ தொலைந்திருந்தது,
சி பதினேழு.
விளமீன் செதிலை வட்டமாய்க் கத்தரித்து வைத்தேன்.
வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மட்டும்
வளையங்கள் தெரியும்,
மீனின் வயசு.

இத்தாலியில் துருவையும் புட்டியில் விற்கிறார்கள்.
முப்பது மில்லி எண்ணூறு ரூபாய்.
சிரிப்பை அடக்க முடியவில்லை.
எங்கள் ஜன்னல் கொக்கியைச் சுரண்டினாலே
பொழுது சாய்வதற்குள் ஒரு தம்ளர் தேறும்.
ஆனால் நான் சுரண்டியது
கின்ஸ்லி அண்ணனின் நங்கூரச் சங்கிலியில்.
நல்ல நிறம், ஆரஞ்சுக்கும் காப்பிக்கும் நடுவே.
பசையில் குழைத்துப் புகைக்குழாயில் வைத்தேன்.

சங்கிலி மட்டும்தான் இங்கே இருக்கிறது.
வளையம் தேய்ந்ததென்று கழற்றி
என் கொட்டகையில் போட்ட வாரம்தான்
படகைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.
ஆட்கள் நாற்பது நாளில் வந்துவிட்டார்கள்.
படகு அந்தக் கரையில்.
அதற்குள் நான் ஹெட் மாற்றிய எஞ்சின்,
ஆயில் மாற்றிப் பதினொரு நாள்.

அன்றிரவு கரண்ட் இல்லை.
அண்ணன் வந்து செல்போன் வெளிச்சத்தில்
காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ஓடுமா?"
"ஓடாதுண்ணே."
"மூடியப் போட்டா எஞ்சின் தெரியாதுல்ல?
பெறகு எதுக்கு இம்புட்டு வேல?"
நான் எதுவும் சொல்லவில்லை.
"கடல் தாண்டி வந்ததா?"
"ஆமாண்ணே. தொள்ளாயிரத்து நாப்பது கட்டுனேன்."
"கட்டுனா விட்டுருறாங்க."
அது கேள்வியா என்று எனக்குப் புரியவில்லை.
புகைக்குழாயை நகத்தால் ஒருமுறை தடவிவிட்டு
"துரு வேணாம்டா" என்றார்.
"புதுசாவே இருக்கட்டும்."

எந்தச் சங்கிலியின் துரு என்று
நான் சொல்லவில்லை.

அவர் போனபின் தின்னரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன்.
பசை போனது,
அடியில் இருந்த வெள்ளிப்பூச்சு போனது,
பிளாஸ்டிக்கின் வெறும் சாம்பல் வந்தது.
அதிலும் நாலைந்து செம்புள்ளிகள்
மயிர்க்கால் போல ஊன்றி நிற்கின்றன.
புட்டியில் வாங்கியிருந்தால் போயிருக்கும்.

கார் ரேடியோ பெட்டிக்கு மேல் நிற்கிறது,
ஒரு கண்ணில் செதிலோடு.
தடை முடிய இன்னும் பத்தொன்பது நாள்.
சங்கிலியை டீசலில் ஊறப்போட்டிருக்கிறேன்.