காரணம்: வேறு

எங்கள் ஊரில் பாதை என்றால் தெருவல்ல,
களப்பைக் கடக்கும் இரும்பு மிதவை.
கிண்ணியாத் துறையில் வெயில் காய்ந்து நின்றால்
ஒரு லொறியையும் நாற்பது பேரையும்
ஒரே மூச்சில் அக்கரை சேர்க்கும்.
அதில்தான் வந்து இறங்கியது இன்டர்நெட்:
ஆறு கணினி, ஒரு ஜெனரேட்டர்,
சாக்கில் சுற்றிய வெள்ளை டிஷ்.

செக்பொயின்றில் சிப்பாய் கேட்டான்,
இதால யாரோட கதைப்பீங்க?
சோதினை வைக்கிறவங்களோட, என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
டிஷ் மூன்று கிழமை
மணல் மூட்டைகளோடு மூட்டையாய்க் கிடந்து
ஒரு முத்திரைக் கடிதத்தோடு வெளியே வந்தது.

கூட்டுறவுக் கடையின் மேல்மாடி.
கீழே மாவுக்கும் பருப்புக்கும் கியூ.
மேலே நான்,
முன்பு ஐஸ் பெக்டரியில் கணக்கெழுதியவன்,
இப்போது ஜெனரேட்டருக்கு
மண்ணெண்ணெய் அளந்து ஊற்றுபவன்.
ஒரு போத்தலுக்கு நாற்பது நிமிடம்.
சோதினைக்கு அறுபது.
மிச்ச இருபதுக்கு
பள்ளிவாசல் நிர்வாகி அரைப் போத்தல் தந்தார்,
கோயில் தலைவர் தன் ஓட்டோ பெட்டரியைக் கழற்றினார்.
இருவருக்கும் அந்த வருடம் பேச்சுவார்த்தை இல்லை.
என்னிடம் தனித்தனியாகத் தந்தார்கள்.

நாற்பது கேள்வி.
திரையின் மூலையில் பின்னோக்கி ஓடும் கடிகாரம்.
ஆறு கதிரையில் ஆறு பேர்:
இஹ்லாஸ், கோபிராஜ், தர்மினி,
பெயர் கேட்க நேரமில்லாத இரண்டு பொடியன்கள்,
மூதூரிலிருந்து நடந்து வந்த றுஸைக்கா.
அவளிடம் புத்தகம் இல்லை, பேனை இல்லை.
சுட்டெண் உள்ளங்கையில் இருந்தது.
இரண்டு நாளாய்
அந்தக் கையைக் கழுவாமல் சோறு தின்றிருக்கிறாள்.

முதல் ஷெல் கடலுக்குள் விழுந்தது.
அப்படித்தான் நினைத்துக்கொண்டோம்.
யாரும் தலை தூக்கவில்லை.
இரண்டாவதில் யன்னல் கண்ணாடி பல் நறுநறுத்தது.
மூன்றாவதில் கீழே கியூ கலைந்து
செருப்புகள் மட்டும் வரிசையில் நின்றன.

மேசைகளுக்குக் கீழே ஏழு பேர்.
இருட்டுக்குள் தர்மினி மெதுவாய்க் கேட்டாள்,
முப்பத்தொண்டாவதுக்கு என்ன விடை?
கதைக்கக் கூடாது, என்றேன்,
முழங்காலில் முகம் புதைத்தபடி,
சோதினை மேற்பார்வையாளன்.
யாரோ சிரித்தார்கள்.
பிறகு எல்லோரும்.
வெளியே நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது.

இணைப்பு அறுந்தால்
கடிகாரமும் நிற்கும் என்று நம்பியிருந்தேன்.
அது எங்கள் கடிகாரமல்ல.
கொழும்பில் குளிரூட்டிய ஏதோ அறையில்
அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஓட்டோ பெட்டரியில் திரை மறுபடி வெளுத்தபோது
பின்னேரம் நாலேகால்.
நேரம் முடிந்தது, என்றது.
தாமதத்துக்கான காரணத்தைத் தெரிவுசெய்க:
சுகவீனம்.
மின்வெட்டு.
வேறு.

றுஸைக்கா நெடுநேரம் அம்புக்குறியை
மேலும் கீழும் அசைத்தாள்.
சந்தையில் மீன் பார்ப்பவளைப் போல.
கடைசியில் ‘வேறு’.
விபரிக்கவும், என்று ஒரு பெட்டி திறந்தது.
ஐம்பது எழுத்துக்கு மேற்படாமல்.
அவள் விரல்களை எண்ணினாள்,
எழுதினாள், அழித்தாள்,
மறுபடி எழுதினாள்.
நான் எட்டிப் பார்க்கவில்லை. அது சோதினை.

பதினோராம் நாள் பதில் வந்தது.
ஆறு பேருக்கும் இன்னொரு தவணை.
ஐந்து கடிதத்தை அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன்.
ஆறாவது சட்டைப்பையில் இருக்கிறது.
கந்தளாய்ப் பக்கம் ஒரு முகாமில்
மூதூர்ச் சனம் இருக்கிறதாம்.
பெயர்ப்பதிவில் றுஸைக்காக்கள் மூன்று பேராம்.

சுட்டெண் எனக்கு மனப்பாடம்.
துறையில் நிற்கிறேன்.
பாதை அக்கரையில் நிற்கிறது.