முதலாம் விருப்பம்

ஜம்பட்டா வீதியில் ரிஸ்மி நானாவின் கொமியுனிகேஷன்.
போட்டோக்கொப்பி மெசினுக்கும் ரீலோட் காட்டுகளுக்கும் நடுவே
ஒரு பிளாஸ்டிக் கதிரை.
அதில் இருந்துதான் இந்தத் தெருப் பிள்ளைகள்
பல்கலைக்கழகம் போகிறார்கள்,
அல்லது போகாமல் விடுகிறார்கள்.

"தங்கச்சி, இது மாறி விழுந்திட்டு" என்றார் நானா.
முதலாம் விருப்பம்: பல் மருத்துவம், பேராதனை.
இரண்டாம் விருப்பம்: மருத்துவம், கொழும்பு.
திருத்தித் தரவா என்று
மவுஸைத் தன் பக்கம் இழுத்தார்.

மாறி விழவில்லை நானா.

என் இசட் புள்ளியை இன்னொரு தரம் பார்த்தார்.
போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்,
காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோல.

பல் என்பது இங்கே
மருத்துவம் தப்பினவர்கள் ஒதுங்கும் கரை.
மூன்றாம் தசமத்தில் சறுக்கிய ஹர்ஷிகா
இரண்டு நாள் அழுதுவிட்டு அதைத்தான் எழுதினாள்.
"உனக்கென்ன விசரா?" என்று என்னைக் கேட்டாள்.
எங்கள் இருவருக்கும் ஒரே விடுதி அறை கிடைக்கலாம்.
ஒரு கட்டிலில் கைவிடப்பட்டவள்,
மறு கட்டிலில் கேட்டு வாங்கியவள்.
நடுவில் எப்படி வெளிச்சத்தை அணைப்பது?

கணக்கு எனக்கும் தெரியும்.
கொழும்பு என்றால் வீட்டுச் சோறு,
பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம், அம்மாவுக்கு நித்திரை.
பேராதனை என்றால் கோட்டையிலிருந்து ரயில்,
ஈரம் காயாத துவாய்,
முதலாம் வருடத்தைப் பற்றி ஆளுக்கொரு பயங்கரக் கதை.
சென்னை என்றால் சசி மாமா வட்ஸ்அப்பில் அனுப்பிய
கல்லூரிகளின் படங்கள்.
ஒவ்வொரு கட்டடத்துக்கு முன்னாலும் ஒரு நீரூற்று.
ஒவ்வொரு நீரூற்றுக்கு அடியிலும் ஒரு தொகை,
எங்கள் வீட்டை இரண்டு தரம் விற்றால் வரும்.
வீடே வாடகை.

ஏன் பல் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனோ தெரியாது.

செட்டியார் தெரு நகைக்கடையில் கணக்கெழுதும் அப்பா
வலப்பக்கத்தால் சப்புவதை விட்டு ஏழு வருடம்.
நாள் முழுக்கப் பவுண் நிறுக்கும் கடை.
அவருடைய கடைவாயில்
கராம்பு எண்ணெய் தொட்ட ஒரு துண்டுப் பஞ்சு.
கச்சான் வாங்கி வருவார்.
தனக்குப் பிடிக்காது என்பார்.
பத்தாம் வகுப்பு வரை அதை நான் நம்பினேன்.

உயிரியல் டியூசனில் எல்லோரும் இதயம் கீறப் பழகியபோது
நான் சன்லைட் சவர்க்காரத்தில்
ஒரு கடைவாய்ப்பல் செதுக்கினேன்.
சவர பிளேட், மூன்று இரவு, ஒரு விரல் வெட்டு.
நாலு முகடு, நடுவில் பள்ளம், கீழே இரண்டு வேர்.
இதயத்தைத் தொட்டுப் பார்க்க
யாரையாவது திறக்க வேண்டும்.
இதற்கு அவரே திறப்பார்,
பயந்து பயந்து,
கதிரைக் கையை இறுக்கிப் பிடித்தபடி.
அந்தப் பயம் எனக்கு வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை அம்மா அதை எடுத்து
அப்பாவின் சேட்டுக் கொலரில் தேய்த்தாள்.
வேர் இரண்டும் நுரையாகிப் போயின.
"என்னடி கட்டி இது, கையில குத்துது" என்றாள்.
நான் புதுக் கட்டி எடுத்துக் கொடுத்தேன்.

"அப்பாட்ட கேட்டியா?" என்றார் நானா.
பின்னால் இரண்டு பேர் காத்து நின்றார்கள்.
அனுப்பு என்ற பொத்தானை நானே அழுத்தினேன்.
இரண்டு பக்கப் பிரதி, நாற்பது ரூபா.

கடையில் எல்லோருக்கும் அப்பா
டொக்டர் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்.
தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
எங்கள் கடன்களை வாசிப்பதுபோல மெதுவாக வாசித்தார்.
முதலாம் வரியில் நின்றார்.
நாக்கு வலது கன்னத்துக்குள் போய்
எதையோ தடவியது வெளியே தெரிந்தது.
"பல்லு" என்றார்.
கேள்வியா, என்னவென்று விளங்கவில்லை.

அம்மா உழுந்து வடைத் தட்டை வைத்துவிட்டு
பேசாமல் நின்றாள்.
கீழே ஒரு திரீவீல் ஹோர்ன் அடித்து
ஆளைக் காணாமல் திரும்பிப் போனது.

"அங்க குளிரும் என்ன?"
குளிரும் அப்பா.
"கடையில ஒரு நுவரெலியாப் பொடியன் இருக்கிறான்.
சுவெட்டர் என்ன விலையெண்டு கேட்டுப் பாக்கிறன்."

சொல்லிவிட்டு வடையை
இடப்பக்கத்துக்கு மாற்றினார்.