காரணக் குறியீடு பதினாலு

ஸ்ரான்லி வீதி, இரண்டாம் மாடி.
கறண்ட் போய் வந்ததும் கணினி எழும்பி
முதலில் சொன்னது:
விண்ணப்பம் 3381. மறுப்பு.
காரணக் குறியீடு பதினாலு.

கண்ணாடிக்கு அங்கால்
மரியகொறற்றி இருக்கிறா.
பெருவிரலில் நண்டு கடித்த பழைய தழும்பு,
மடியில் பிளாஸ்ரிக் கோவை.
ஐஸ்பெட்டி பூட்டின பட்டா ஒன்று, இரண்டாங்கை,
பதினெட்டு லட்சம்.
கம்பனிக்காரன் சொல்கிற விலைக்குக் கொடாமல்
தானே கொழும்புக்கு ஏற்ற வேண்டுமாம்.

"பதினாலு எண்டால் என்ன பிள்ளை?"

கையேட்டைப் புரட்டுகிறேன்.
வதிவிட நிலைப்பின்மை.

அடிக்கடி வீடு மாறுகிறவன்
கடனுக்கு ஒளிக்கிறவன் என்று
யாரோ எங்கேயோ கொடுத்த கணக்குகளில் இருந்து
அது படித்திருக்கிறது.
பொய் என்றும் சொல்ல முடியாது.
அந்த ஊரில் அது சரியாக இருந்திருக்கும்.

'முன்னைய முகவரிகள்' என்ற பெட்டியை
திரும்ப வாசிக்கிறேன்:
பாசையூர்.
மீசாலை, பள்ளிக்கூடம், ஏழாம் வகுப்பறை.
விசுவமடு.
புதுக்குடியிருப்பு.
மாத்தளன். வீட்டு இலக்கத்துக்கு 'பங்கர்' என்று எழுதி
வெட்டியிருக்கிறா.
செட்டிகுளம், வலயம் நாலு.
திரும்பப் பாசையூர்.
பதினைந்து வருடமாகப் பாசையூர்.

கடைசி ஐந்து வருடம் எழுதினால் போதும் என்று
ஒருவரும் அவவுக்குச் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

தில்லைநாதர் முகாமையாளராக இருந்தபோது
இந்த இயந்திரம் இல்லை.
நல்ல காலம் என்று அதைச் சொல்லமாட்டேன்.
கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி
"எவடம்? ஆற்றை பிள்ளை?" என்பார்.
எந்தக் கோயிலடி என்பார்.
விடை வந்த கையோடு
கோப்பு மேசையின் வலப்பக்கம் போகும்,
இல்லாவிட்டால் இடப்பக்கம்.
அதற்குக் குறியீடு இருக்கவில்லை,
கையேடும் இருக்கவில்லை,
தேத்தண்ணி மட்டும் எல்லாருக்கும் கொடுப்பார்.

இது ஆற்றை பிள்ளை என்று கேட்பதில்லை.
தபால் இலக்கம் கேட்கிறது.
போனுக்கு எந்த நேரம் காசு போடுகிறாய்,
எவ்வளவு போடுகிறாய் என்று பார்க்கிறது.
ஆனாலும் சில நாளில்
கோப்புகள் விழுகிற பக்கத்தைப் பார்த்தால்
அவருடைய கை தெரிகிறது.
பன்னிரண்டு அலுமாரிப் பழைய கோப்புகளை
ஒவ்வொரு தாளாக ஸ்கான் பண்ணி
கொழும்புக்கு அனுப்பியது யார்?
நான்தான். ஓவர்ரைம் தந்தார்கள்.

மறுப்புக் கடிதத்தையும் அதுவே எழுதித் தந்திருக்கிறது.
ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகுந்து
என் தமிழைவிட வடிவான தமிழ்.
'தங்கள் நிதிப் பயணத்தில் எம்மைத் தெரிவுசெய்தமைக்கு
மனமார்ந்த நன்றிகள்.'
பயணமாம்.

நேற்று மத்தியானம், றோல்ஸ் சாப்பிட்டபடி,
என் விபரத்தையும் சும்மா போட்டுப் பார்த்தேன்.
எனக்கும் பதினாலு.
மாதம் மாதம் எனக்குச் சம்பளம் போடுகிற அதே கம்பனி.
சிரித்தேன். பக்கத்து மேசைக்குக் காட்டப் போய்
காட்டாமல் மூடிவிட்டேன்.

திரையின் அடியில் சின்னதாக ஒரு பெட்டி உண்டு.
அலுவலர் குறிப்பு (விரும்பினால்).
நூற்றிருபது எழுத்து.
இரண்டு வருடத்தில் நான் அதைத் தொட்டதில்லை.
இன்றைக்குத் தட்டுகிறேன்:
'1995இல் இவ வீடு மாறவில்லை. ஊர் முழுக்க எழும்பிப்
போனது. ஆள் நல்ல ஆள். தயவுசெய்து திரும்பப் பா'
அதோடு பெட்டி முடிந்துவிட்டது.

நன்றி, என்றது.
தங்கள் கருத்து எமது கற்றலுக்குப் பயன்படும்.

"சொல்லிப்போட்டியளோ அதுக்கு?"
"எழுதியிருக்கிறன் அன்ரி."
"வாசிக்குமோ?"
"வாசிக்கும்."
விளங்குமோ என்று அவ கேட்கவில்லை.

கோவையை மடித்து, ரப்பர் பாண்ட் போட்டு,
படி வரைக்கும் போய்த் திரும்பி வந்து
கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்து
மெல்லக் கேட்டா:
"அப்ப பிள்ளை, அடுத்த முறை
எத்தனை இடத்தில இருந்ததெண்டு எழுதட்டும்?"