வலப்பக்கம்

பரதராமி பள்ளியில் கொடியேற்ற அழைத்தார்கள்.
"எல்லாத்தையும் குத்திக்கிட்டு வாங்க சார்."

கட்டிலில் பரப்பினேன் ஏழையும்.
இது, ஒன்பது வருடம் ஓடிப்போகாமல் இருந்ததற்கு.
இது, சுதந்திரத்துக்கு ஐம்பது வயதானபோது
நானும் சம்பளப் பட்டியலில் இருந்ததற்கு;
லங்கர்க்கானா மாதப்பனுக்கும் இதேதான்
ஜெனரலுக்கும் இதேதான்.
நாலு எதற்கென்று
பெட்டியைப் பார்த்தால்தான் எனக்கே தெரியும்.
இது பனிமலைக்கு.
இரண்டு கால்விரல் கொடுத்து வாங்கியது.

இது மட்டும் போதுமே என்றேன்.
"பாதி நகையோட யாராச்சும் கல்யாணத்துக்குப் போவாங்களா?"
என்றாள் சுகுணா.
விதிப்புத்தகமும் அவள் கட்சி:
அணிந்தால் அத்தனையும், வரிசை பிசகாமல்.

சோதனைச்சாவடியில்
பலமநேர் தக்காளி லாரிக்காரன் எட்டிப் பார்த்தான்.
"இவன்னீ மீவேனா?"
ஆமென்று சொல்ல
ஏனோ ஒரு நொடி பிந்தியது.

முன்வரிசையில் ரெட்டெம்மா.
துளசிராமின் மனைவி.
கயிற்றின் இந்த முனையில் நான் இருந்தேன்
அந்த முனையில் துளசிராம் இருந்தான்
பிறகு கயிறு லேசாகிவிட்டது.

அவளிடம் ஒன்றே ஒன்று.
கணவனுடையதை வலப்பக்கம்தான் அணியவேண்டும்,
அதற்கும் விதி உண்டு.
முந்தானை வராத பக்கம் அது.
வெறும் ரவிக்கைத் துணி
கனம் தாங்காமல் இழுபட,
உள்ளங்கையில் அதை ஏந்தியபடியே
எழுந்து நின்றாள் கொடிக்கு.

சல்யூட்டுக்குக் கை உயர்த்தினேன்.
நெஞ்சில் ஏழும் கிணுகிணுத்தன
சலங்கை மாதிரி.

விதியில் இல்லாததுதான்.
இடக்கையால் பொத்திக்கொண்டேன்.