மழை என்று சொல்லிவைத்தேன்

ஜூலையில் நான்கு நாள்.
துறைமுகம் அவனுக்குத் தந்தது,
மருந்துக்கடையில் நான் கெஞ்சி வாங்கியது.
இரண்டு விடுப்பும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தது
பதினோரு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

இரவு பத்து மணி, லியெபாயாவில் வெயில் இன்னும் போகவில்லை.
மேசையில் கருப்பு ரொட்டி, புகைபோட்ட மீன்,
மின்கட்டண உறையின் பின்பக்கத்தில்
வில்னிஸின் கோணல் எழுத்தில் மூன்று ஊர்கள்:
லிஸ்பன்
ட்ரியெஸ்ட்
கென்ட்.

லிஸ்பன் முழுக்கப் படிகளாம்.
எங்கள் மூன்றாவது மாடிக்கே
தினமும் முனகுகிறது அவன் இடது முழங்கால்.
கோடு போட்டு அடித்தான்,
டிராமில் ஏறிக்கொள்ளலாமே என்று நான் சொல்லி முடிப்பதற்குள்.

ட்ரியெஸ்டில் காற்று ஆளையே தூக்கும் என்கிறார்கள்.
காற்றுக்குமா காசு கொடுத்துப் போவது?
இங்கே ஜன்னலைத் திறந்தால் சும்மா வருகிறதே என்றான்.
அது குளிர்காலத்துக் காற்று, ஜூலையில் கடல் குளிக்கலாம்,
மீன் மலிவு, காப்பி நன்றாக இருக்கும்
என்று ட்ரியெஸ்டுக்காக நான் வாதாடினேன்,
அந்த ஊரில் எனக்கு வீடு நிலம் இருப்பதுபோல.

கென்ட்டுக்கு என்ன குறை?

மழை, என்றேன்.
சொன்ன வேகம் எனக்கே கேட்டது.

"உன் ஊர் மரூதா. தரை சமம், காலுக்கு நல்லது.
உன் அலுவலகம், அந்தப் பாலம்,
ஒற்றைக் கண் நாய் இருந்த காப்பிக் கடை
எல்லாம் காட்டேன்."

அலுவலகம் இல்லை.
ஊருக்கு வெளியே ஒரு கண்ணாடிக் கொட்டகை,
அதற்குள் கண்ணுக்கெட்டும் வரை தக்காளி.
ஒரு அறையில் எட்டுப் பெண்கள்.
நகக்கண்ணில் ஏறிய பச்சை
ஞாயிற்றுக்கிழமையும் போகாது.
அப்போது எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.
கிரேனில் உட்கார்ந்து என் கடிதத்தைப் படிக்கிறவனுக்குத்
தக்காளியைப் பற்றி எத்தனை பக்கம் எழுதுவது?
அதனால் ஒரு மூன்றாவது மாடி கட்டினேன்.
ஜன்னலுக்குக் கீழே ஒரு கால்வாய் வெட்டினேன்.
பாலம் போட்டேன், கைப்பிடியில் துரு வைத்தேன்,
துரு வைத்தால்தான் நம்புவார்கள்.
காப்பிக் கடை வாசலில் நாயைப் படுக்கவைத்தேன்.
ஊர் திரும்பும் மாதம்
அதை என்ன செய்வதென்று தெரியாமல்
சாகடித்தேன்.
வில்னிஸ் தொலைபேசியில் மூக்கை உறிஞ்சினான்.

கென்ட்டை நான் பார்த்தது ஒரே ஒரு ஞாயிறு.
மூன்று கோபுரமும் மேகத்துக்குள்.
மூக்கு மாதிரி இருக்கும் ஊதா மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கி
பேருந்து நிழற்குடையில் நின்று
முழுவதையும் தின்றுவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினேன்.
மழை விடவில்லை.
மழை மட்டும் பொய்யில்லை வில்னிஸ்.

இதை அவனிடம் சொல்லவில்லை.
அவன் கென்ட்டைச் சுற்றி வட்டம் போட்டான்,
வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம்.
ரீகாவிலிருந்து டிக்கெட், இரண்டு பேருக்கும்,
பெட்டி இல்லாமல், பணம் திரும்பாத வகை.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்.
எனக்கோ இன்னும் கிளம்பவே இல்லை.
போர்வைக்குள் கைபேசியின் வெளிச்சத்தைக் குறைத்து
வரைபடத்தில் கால்வாய் கால்வாயாகப் போகிறேன்.
ஒரு பாலம் வேண்டும்.
பக்கத்தில் மூன்று மாடிக் கட்டடம்,
காப்பிக் கடை எதுவானாலும் பரவாயில்லை.
துரு பிடித்த கைப்பிடி ஒன்று கிடைத்தால் போதும்.
எல்லாக் கைப்பிடிக்கும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.
சுவர்ப்பக்கம் திரும்பியபடியே,
கொட்டாவியோடு,

"இருபது வருடம் ஆச்சே.
அந்தப் பாலத்தை இடித்திருப்பார்கள், இல்லையா?"

இடித்திருப்பார்கள், என்றேன்.

"கடையும்?"

கடையும்.

"சரி. குடை இரண்டு எடுத்துவை."