இரண்டு விநாடி முன்னால்

பூம்பாறை இறக்கத்தில் என் ஜெராக்ஸ் கடை.
குழந்தைவேலு பென் டிரைவை
மஃப்ளர் நுனியில் முடிந்து கொண்டுவந்தார்,
காணிக்கைக் காசு போல.

நாற்பத்தேழு நிமிஷக் காட்சி.
கேமரா மாட்டியவன் பெயர் சொல்லாமல் போன ஒரு வடிவம்,
எந்தப் போனிலும் திறக்காது.
அதற்குள் காட்டுமாடு பத்தொன்பது விநாடி,
மிதிபட்ட பூண்டுப் பாத்தி நான்கு.
இழப்பீட்டு மனுவோடு கேட்பது எம்பி ஃபோர்.
பத்து எம்பிக்குள். இன்றே கடைசி நாள்.
"மாடு தலைய நீட்டுற எடத்துலருந்து போதும் தாயி."

கல்யாண வீடியோவுக்காக எப்போதோ இறக்கியது ஒன்று இருந்தது.
பார்க்க அழகு. சொன்னபடி வெட்டியும் தந்தது.
தந்த பிறகுதான் தெரிந்தது,
மாட்டின் நெற்றியில் தன் பெயரை நாமமாகச் சாத்தியிருந்தது.
அழிக்க ஆயிரத்து எண்ணூறு ரூபாயாம்.
"காட்டு மாடுன்னு நெனச்சேன், கம்பெனி மாடா?" என்றார்.

அடுத்தது இலவசம் என்றது.
வரும்போதே இன்னும் மூன்று பேரைக் கூட்டிவந்து
திரை ஓரத்தில் குடிவைத்தது.
அவர்களைக் கிளப்புவதற்குள் டீ ஆறிவிட்டது.

இன்னொன்று கெட்டிக்காரி.
எங்கே சொன்னாலும் மயிரிழை பிசகாது.
ஆனால் நாற்பத்தேழு நிமிஷத்தையும் பிரித்துத்
திரும்ப நெய்த பிறகே கத்திரியைத் தொடும்.
பதினொரு வயசு கணினி
லோடு லாரி போல முக்கி மேடேறி
ஐந்து சதவீதத்தில் நின்றது.
கரண்ட் போய்விட்டது.

வந்ததும் தேடிப் பிடித்தது இதை:
பல வருஷமாய் யாரும் பெயின்ட் அடிக்காத சாம்பல் ஜன்னல்,
இங்கே தொடங்கு, இங்கே முடி, அவ்வளவுதான்.
எதையும் கலைக்காது, நெய்யாது.
உள்ளதை உள்ளபடி எடுத்து வேறு உறையில் போடும்.
ஒன்றுதான் குறை,
நாம் கேட்கும் இடத்தில் வெட்டாது,
அதற்கு இணங்கிய இடத்தில்தான்.
"பூண்டு மாதிரி" என்றார் உடனே,
"பல்லு பிரியுற எடத்துலதான் பிரியும்."

மூச்சு விடும் நேரம்.
துண்டு வந்தது. ஓட்டினேன்.

மாட்டுக்கு முன் இரண்டு விநாடி:
கட்டம் போட்ட மஃப்ளர், ஒரு முதுகு,
காதோரம் போன் வெளிச்சம்.
சோலார் வேலியின் கதவில்
மாட்டாத கொக்கி ஆடிக்கொண்டிருக்கிறது.
பிறகுதான் மாடு,
அழைத்த வீட்டுக்குள் வருவதுபோல் நிதானமாக.

கடைக்குள் மூட்டம் புகுந்தது.
யூகலிப்டஸ் லாரி ஒன்று கியர் மாற்றிப் போனது.
பென் டிரைவ் மூடியைத் திறந்தார், மூடினார்.
"மக பேசினா ஹாஸ்டல்லருந்து" என்றார்,
என்னிடம் இல்லை, திரையிடம்.

நான் அளவைப் பார்த்தேன்.
பத்து புள்ளி நாலு.
அந்த இரண்டு விநாடி இல்லையென்றால்
ஒன்பது புள்ளி நாலு.
துண்டு இப்போது சின்னதுதான்,
கெட்டிக்காரியிடம் கொடுத்தால்
ஒரு நிமிஷத்தில் சீவித் தந்துவிடுவாள்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
சொன்னேன்.

"ரெண்டே செகண்டுதான?"
"ரெண்டேதான்."
"இல்லைன்னா?"
"படத்தை மங்க வைக்கணும். எல்லாமே மங்கும்."

மிதிபட்ட நான்கு பாத்தியை
விரலால் திரையிலேயே எண்ணினார்.
"மங்கட்டும்" என்றார்.

குறைத்தேன்.
பூண்டுத் தாள் பச்சைக் குழம்பானது.
மாடு இருட்டின் ஒரு கட்டி.
அவர் முதுகு யாருடைய முதுகாகவும் இருக்கலாம்.
புதுசு என்பதாலோ என்னவோ
கொக்கி மட்டும் பளிச்சென்று ஆடியது.

ஐம்பது ரூபாய் வைத்துவிட்டு
கடைசி பஸ்ஸுக்கு ஓடினார், சில்லறை வாங்காமல்.

ஏற்றம் தொண்ணூற்றொன்றில் சுற்றிக்கொண்டிருந்தது.
சும்மா இருப்பானேன் என்று
தேவையில்லாதவற்றை நீக்கிக்கொண்டிருந்தேன்.
கெட்டிக்காரி மட்டும் போகுமுன் கேட்டாள்:
ஏன் வேண்டாம்? காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.
வேகம் போதவில்லை.
விலை அதிகம்.
வெட்டு துல்லியமாக இல்லை.
மற்றவை.

மற்றவையைத் தொட்டேன்.
விவரிக்கவும் என்று
வெள்ளையாய் ஒரு பெட்டி திறந்தது.
தொண்ணூற்றிரண்டு.