ஒற்றைக் கால்

எஃப்-2 பெனடிக்டின் காரில்
நகக்கீறல் மாதிரி ஏழு கோடு.
கூட்டம் போட்டார்கள்.
"செடி இருக்கலாம், அகலமா இருக்கக் கூடாது"
என்றார் செயலாளர் தணிகாசலம்.
அப்படியே எழுதி
சுற்றுக்கு விட்டார்கள்.
நானும் கையெழுத்துப் போட்டேன்.

நங்கநல்லூரில் சிமெண்ட் பூசாத மூன்றடி மண்
யாருக்குக் கிடைக்கும்?
அதில் என் நந்தியாவட்டை
கை கால் நீட்டிப் படுத்திருந்தது,
வேரடியிலிருந்தே பதினோரு தண்டு.

ஞாயிற்றுக்கிழமை
குத்துக்காலிட்டு உட்கார்ந்து
எது நிற்கும் என்று பார்த்தேன்.
தடித்ததெல்லாம் சாய்ந்திருந்தது.
நடுவில் ஒன்று, பென்சில் பருமன்,
வெயில் கிடைக்காமல் வெளிறி,
கிடைக்காததாலேயே நேராக
மேலே போய்க்கொண்டிருந்தது.

மீதிப் பத்தையும் வெட்டினேன்.
வெட்டிய இடமெல்லாம் பால்.
கத்தரி ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தது.
சோப்புக்கும் போகாமல்
திங்கட்கிழமை விரலெல்லாம் கறுப்பு.
கடையில் ஒரு அம்மாவுக்குக்
கண்ணாடி மாட்டிவிடப் போனால்
என் கையைப் பார்த்து
முகத்தைப் பின்னுக்கு இழுத்தார்.

சட்டம் நிமிர்த்துவதுதான் என் வேலை.
சூடான மணலில் நுழைத்து எடுத்தால்
எந்தக் கோணலும் சொன்னபடி கேட்கும்.
இது கேட்கவில்லை.

மொட்டைமாடியில்
டிஷ் வந்தபிறகு யாரும் அண்ணாந்து பார்க்காத
ஆன்டெனாக் குழாயை இறக்கிப்
பக்கத்தில் நட்டேன்.
முதலில் நைலான் கயிறு.
இரண்டே மாதத்தில் பட்டைக்குள் இறங்கி
அதற்கு ஒரு இடுப்பு செய்துவிட்டது.
அறுத்து எடுத்தேன். தழும்பு இன்னும் இருக்கிறது,
என் முட்டி உயரத்தில்.
பிறகு பழைய பாவாடை நாடா,
எட்டுப் போட்டு, தளர்வாக,
நடுவே ஒரு விரல் போகிற மாதிரி.

மேலே போனால் விடு. பக்கத்தில் வந்தால் கிள்ளு.
தோளைத் தாண்டியதும் உச்சியைக் கிள்ளு.
ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும்.
வாய்ப்பாடு மாதிரி நான் சொல்லச் சொல்ல
கீழே வாரம் ஒன்று முளைக்கும்,
நான் புதர், நான் புதர் என்று.
கட்டைவிரலால் தேய்த்துவிடுவேன்.
புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

மூன்றாவது டிசம்பரில்
தழும்பு வரை தண்ணீர்.
மோட்டார் சுவிட்சை அணைக்க
லுங்கியைத் தூக்கிக்கொண்டு வந்த பெனடிக்ட்
நடுவழியில் தடுமாறி
குழாயையும் தண்டையும் சேர்த்துப்
பிடித்துக்கொண்டு நின்றார்.
வெகுநேரம்.
மேலே பூ இருந்தது. கீழே அவர் காருக்குள்
ஸ்டியரிங் வரை சாக்கடை.
ஜன்னலில் இருந்து பார்த்தேன்,
என்ன சொல்வதென்று தெரியவில்லை.

காரை இழுத்துக்கொண்டு போனார்கள்.
அவர் வேறு வாங்கவில்லை.
தணிகாசலம் விடிகாலையில் கொக்கி போட்ட குச்சியோடு வந்து
சாமிக்குப் பறிக்கிறார்.
புதராக இருந்தபோது
குனிந்து பறித்தது சுலபம் என்று
என்னிடமே சொல்கிறார்.

போன வாரம் குழாயைப் பிடுங்கினேன்.
கொஞ்சம் யோசித்து
ஒரு சாண் சாய்ந்தது,
கார் நின்ற பக்கம்.
திரும்பக் கட்டலாமா என்று
நாடாவோடு நின்றிருக்கையில்
மெட்ரோவுக்குக் கிளம்பிய பெனடிக்ட்
சுற்றிப் போகாமல் குனிந்து
அதன் அடியில் நுழைந்து நிமிர்ந்தார்.
தலையில் ஒரு வெள்ளைப் பூ.
நான் சொல்வதற்குள்
கேட்டைத் தாண்டிவிட்டார்.

கீழே பார்த்தேன்.
புதிதாக இரண்டு.